தூண்டில் நரம்பு

"உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?"
தம்மாம் கிளினிக்கில் எக்ஸ்ரேக்காரன்
இந்தியில் கேட்கிறான், முகம் பாராமல்.
இக்காமா புதுப்பிக்க வந்த நாற்பது பேர்
சட்டை கழற்றிய வரிசை.
எனக்கு முன்னால் நிற்பவன்
தாயத்தை அவிழ்த்து வாயில் அடக்கிக்கொள்கிறான்.
நான் இல்லை என்கிறேன்.
இன்றைக்கு அது உண்மை.

நேற்றுவரை இருந்தது
இடது மார்க்காம்பில்,
சுண்டுவிரல் நுழையாத டைட்டானியம் வளையம்.
மனாமாவில், இரண்டு வருஷம் பேசி,
டெல்பின் குத்தியது.

பேசினோம் என்றால் அப்படிப் பேசினோம்.
எந்த இடம், யார் கழற்றலாம்,
சீழ் வைத்தால் எந்த ஆஸ்பத்திரி,
அங்கே என்ன பொய்.
"வேண்டாம்" என்பது
எங்கள் ஆட்டத்தில் ஒரு வசனம் என்பதால்
நிஜமாக நிறுத்த வேறு சொல் வைத்தோம்:
சுங்கம்.
வியாழன்தோறும் பாலத்தின் நடுவில்
என் காரை நிறுத்தும் சொல்.

முதல் தடவை
ஊசி தோலைத் தொட்டதும் சொல்லிவிட்டேன்.
கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு
மிளகு தூக்கலாக முட்டை பொரித்துத் தந்தாள்.
ஒரு கேள்வி இல்லை. ஒரு பெருமூச்சுகூட.
அந்த முட்டைக்குப் பிறகுதான்
எனக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது.
நான்கு மாதம் கழித்து
நான்தான் கேட்டேன்.

மூன்று வயதில் மாமன் மடியில்
ஆளுக்கொரு கையைப் பிடித்துக் காது குத்தினார்கள்.
வீறிட்டேனாம். சிரித்தார்களாம்.
கிடா நல்ல ருசியாம்.
நாற்பத்து மூன்றில் ஒருத்தி
"இப்பவா?" என்று மூன்று முறை கேட்டுக் குத்தினாள்.
கட்டில் கம்பியை நானே பிடித்திருந்தேன்.
அசையாதே என்றாள்.
அசையாமல் இருந்ததுதான்
என் வாழ்நாளில் யாருக்கும் நான் கொடுத்த
பெரிய பரிசு.

கழற்றும் கை அவளுடையது மட்டும்,
அது ஒப்பந்தம்.
ஆவுடையப்பன் என்ற பெயரை
"உடைய"வில் நிறுத்திச் சிரிப்பாள்.

நேற்று இரவு போனில் அனுமதி கேட்டேன்.
ஐசியூ வாசலில் நின்று, மெதுவாக,
"கழற்று" என்றாள்.
அடுத்த மூச்சிலேயே நர்ஸ் குரல்:
"விட்டா ராத்திரிக்குள்ள தூர்ந்துடும்.
தூண்டில் நரம்பு வாங்கு, சுறாவுக்குப் போடுற தடிமன்.
ஒரு முனையைத் தீயில் காட்டு, மொட்டாகும்.
கொதிக்க வச்சு ஆறவிடு.
மறுமுனைக்கு பிளாஸ்டர்."
மணப்பாட்டுக்காரி.
நரம்பென்றால் ஊசி போடத் தேடுவது எங்களுக்கெல்லாம்,
அவளுக்கு அப்பாவின் கட்டுமரம்.

கோபார் கடற்கரைக் கடையில் வங்காளி கேட்டான்,
என்ன மீனுக்கு?
அரைச் சாண் போதும் என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தான்.

"மூச்சை இழு. பிடி. அசையாதே."
எக்ஸ்ரேக்காரன் சொல்வது
எனக்கு வேறு குரலில் கேட்கிறது.
காது சூடாகிறது.

வெல்டிங் மூட்டுகளைப் படமெடுத்துப் பார்ப்பது
ஜுபைலில் என் பிழைப்பு.
மயிரிழை விரிசல், கடுகளவு காற்றுக்குமிழி,
எதுவானாலும் வட்டம் போட்டுத் திருப்பியனுப்புவேன்.
இப்போது திரையில் என் நெஞ்சு.
இடப்பக்கம் தேடுகிறேன், தொழில் புத்தி.
விலா, இன்னொரு விலா,
இதயத்தின் மங்கல்.
நரம்புக்கு நிழலே இல்லை.
அது நுழைந்த துளைக்கும் இல்லை.
"ஃபிட்" என்று முத்திரை விழுகிறது.

வியாழன். பாலம்.
"அறிவிக்க ஏதாவது?"
மாத்திரை டப்பாவைத் திறந்து
வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் அதிகாரி.
குழந்தைக்கா?
இல்லை, என்னுடையது, என்று ஆரம்பித்தேன்.
வாய் தானாகத் திருத்திக்கொண்டது.
இன்னொருத்தருடையது.
கொடுக்கப் போகிறேன்.

போ என்று கையசைத்தார்.
இருபக்கமும் கடல்.
சீட் பெல்ட் அழுத்தும்போதெல்லாம்
நரம்பின் மொட்டு
இருக்கிறேன், இருக்கிறேன் என்றது.