நான்கு மொழிச் சுவரொட்டியில் கொசு

என் கைபேசியில் சரி. உலாவியில் சரி.
உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி,
பேனர் வெட்டும் மென்பொருளில் மட்டும்
கொம்பு ககரத்தைத் தாண்டிப்போய் நின்றது.
சகரம் தன் கீற்றை உதறியிருந்தது.

நான் வரைந்த எழுத்துரு,
இரண்டு வருடச் சனிக்கிழமைகள்.
இணைவிதிகளை மூன்று தடவை திருத்தினேன்.
அது விதி எதையும் வாசிப்பதே இல்லை
என்று தெரியச் சாயங்காலமாகிவிட்டது.

வட்டத்தைப் பார்த்தது நானல்ல, சியூ பெங்.
தமிழில் 'அண்ணே' மட்டும் தெரிந்தவர்.
"உங்க பாஷைல இப்படி ஒண்ணு இருக்கா?"
கொம்புக்கும் காலுக்கும் நடுவே
புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்,
வராத எழுத்துக்கு இடம்பிடித்து
உணவங்காடி மேசையில் வைத்த
டிஷ்யூ பொட்டலம் மாதிரி.

இல்லை என்றேன்.
தேங்கிய நீரை அகற்றுங்கள் என்ற வரிக்கு மேலே
அது ஒரு சின்னக் குட்டையாகவும் தெரிந்தது.

மணி ஏழு. காலையில் ஈசூன் புளோக்குகளில் ஒட்டவேண்டும்.
எழுத்தையெல்லாம் வெறும் கோடுகளாக
மாற்றிக் கொடுத்தேன்.
கொசு ஒன்றுகூடிவிட்டது.

இனி எந்தத் தேடலிலும் அகப்படாது.
கணினிக்கு அது சொல் இல்லை,
வளைந்த சில கறுப்பு.
லிஃப்டுக்குக் காத்திருக்கும் யாராவது
வாசித்தால் உண்டு.