மேற்கே கடைசிப் பெட்டி

நாற்பது பெட்டிகளில் இது கடைசி.
நாகப்பட்டினத்து மணலில் தொடங்கிய வரிசை
காங்கயத்துக் கொறங்காட்டில், கிளுவை வேலிக்குள்,
வெறும் பாறைமேல் வந்து முடிகிறது.
பாறையைக் கழுவி, சாந்து பூசி, வடக்குக் குறித்து
நான்தான் வைத்தேன்.
ஆடுகள் உரசாதிருக்க முள் வெட்டிப் போட்டேன்.

பதினோரு இரவுகளின் பதிவைத் திறந்தால்
எல்லாம் அடுத்த தோட்டத்து ரிக் வண்டி.
ஆயிரத்து நூறு அடி. வெள்ளைத் தூள்.
திருச்செங்கோட்டு அர்த்தநாரி
ராட்டைமேல் ராட்டாக இறக்கிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டாம் இரவு அவருடைய ஹோஸ் வெடித்தது.
வண்டியை அணைத்துவிட்டுப் பீடியோடு வந்து
"இதுல தண்ணி தெரியுமுங்களா?" என்றார்.
தெரியாதுங்க என்றேன்.

அந்நேரம்தான் பாண்டாக் கடலடியில் ஏதோ முறிந்திருக்கிறது.
ஒன்பதரை நிமிடம்.
பூமியின் வயிற்றுக்குள் வளைந்து
எங்கள் காலடிக்குக் கீழிருந்து அது ஏறி வந்தபோது
அவர் ஈரோட்டுக் கடைக்காரரை
போனில் வைதுகொண்டிருந்தார்.
படுத்திருந்த ஆடுகூட எழவில்லை.

திரையில் ஒரு தட்டு.
ஐந்து நொடி கழித்து இன்னொன்று,
நாற்பது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து.
நடுவில் ஒன்றுமில்லை.
மூடிக்கொள்ள ஒன்றுமில்லாத நிலம்
கேட்டதை அப்படியே சொல்கிறது.

அதே அலை கிழக்கே
சேற்றில் கால்வைத்த மாடுபோல் நடை தளர்ந்து,
இரண்டாய்ப் பிரிந்து, ஒன்று பின்தங்கி,
மேலும் கீழும் முட்டி முட்டி
அடங்கவே இல்லை என்று
மன்னார்குடியிலிருந்து ஷகிலா எழுதியிருந்தாள்:
"உன் கோட்டைக் கழித்தால்தான்
என் குழி தெரியும்."

கழித்தோம்.
கரூர்வரை நேராகப் போனது,
தஞ்சாவூர் தாண்டிச் சரிந்தது,
நடுவே ஒரு மேடு, மறுபடி பள்ளம்,
அப்புறம் கடல்.
யாரும் ஒரு கைப்பிடி தோண்டவில்லை.

புது ஹோஸோடு வந்தவரிடம் படத்தைக் காட்டினேன்.
"அங்க மண்ணு எத்தன அடிங்க?"
ஆழமான இடத்துல பதினாறாயிரம் இருக்குமுங்க.
வெகுநேரம் பேசவில்லை.
பீடியைப் பாறையில் நசுக்கினார்.
"ஆரூட்டு மண்ணுங்க அது?"

ஆறுகள் மேற்கிலிருந்து சுமந்தது,
கோடிக்கணக்கான வருஷம், என்று தொடங்கினேன்.
அவர் குனிந்து
என் பெட்டிக்கடியில் இருந்த மொட்டைப் பாறையைத்
தடவிப் பார்த்தார்.
"அப்ப இது மிச்சமுங்களா?"

பதிலுக்கு நிற்கவில்லை.
அடிக்குக் கூலி, விடிவதற்குள் இன்னும் நூறு அடி.
வண்டி கிளம்பியது.
என் கோடு கறுத்துப்போனது.