பதினோராவது பிசைவு

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட்.
வெளியே மூக்கண்டப்பள்ளிப் பக்கம் லாரிகள் உறுமுகின்றன.
உள்ளே ஒரு தட்டில் மாவு தூங்குகிறது.
கோதுமை, தண்ணீர், முப்பத்தேழு டிகிரிச் சூடு,
அப்புறம், வெங்காயத் தோலில் கருப்பாய்ப் படியுமே,
அந்தப் பூஞ்சையிடம் கடன் வாங்கிய நொதி
இரண்டு சொட்டு.

நொதிக்குக் கண் கிடையாது.
புரோலின் இருக்கும் இடத்தைத் தடவித் தடவி
நறுக்குகிறது.
முப்பத்து மூன்று மணி கோத்த சரம் ஒன்று,
வயிற்றின் எந்தக் கத்திக்கும் மசியாதது.
எனக்குள் அது சும்மா கடந்து போய்விடும்.
ரிங்கிக்குப் போகாது.
அவள் குடலின் மெல்லிய விரல்களை
அவள் உடம்பே அடித்து மடக்கிவிடும்.

ரிங்கிக்கு ஏழு வயது.
நாலு வயதுச் சட்டை இன்னும் சரியாக இருக்கிறது.
அம்மா சரிதா தேவி எங்கள் பேக்கிங் பிரிவு,
சமஸ்திபூரிலிருந்து வந்து ஐந்து வருஷம்.
தமிழில் அவள் நாக்கில் முதலில் உட்கார்ந்த சொல் "ஆச்சா".
தினமும் ஆய்வகக் கதவில் தலையை நீட்டி
"ஆச்சா, நாகவேணி அக்கா?"

ஆகவில்லை.
முதல் பிசைவு கூழாய்ப் போனது.
நாலாவது வேம்பாய்க் கசந்தது.
ஏழாவது கல்லில் விழும் முன்பே கிழிந்தது.
மாவை இழுபட வைப்பது எதுவோ
அதுதான் அவளை இளைக்க வைக்கிறது.
அதை வெட்டினால் ரொட்டி மூச்சுப் பிடிக்க மாட்டேன் என்கிறது.
இசப்கோல் உமி கலந்தோம். நேரத்தைக் குறைத்தோம்.
மேனேஜர் பில்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பதினோராவது உப்பியது.
சின்னதாய், ஒரு பக்கமாய், வெட்கப்பட்டு.

அளந்தேன்: பதினான்கு.
பத்து லட்சத்தில் இருபதுக்குள் வந்தால் போதும்.
ஆனால் துண்டு ரொம்பச் சிறுத்துவிட்டால்
இந்தச் சோதனையின் கண்ணில் அது படாது.
பதினான்கு என்றால் அவ்வளவுதான் மிச்சம் என்றா,
அவ்வளவுதான் தெரிகிறது என்றா?
வேறு முறையில் பார்க்க வேண்டும்.
அதற்கான கிட் அடுத்த வாரம் வரும்.

ஒப்பிட ஒரு சுத்தமான மாவு வேண்டுமே என்று
என் சாப்பாட்டுப் பையிலிருந்து கேழ்வரகு மாவு எடுத்தேன்.
தேன்கனிக்கோட்டை, எங்கள் காட்டு விளைச்சல்.
எட்டு மாதமாய் ரிங்கிக்கு நான் கொடுத்தனுப்பும் அதே மாவு.
குழியில் மஞ்சள் ஏறியது.
ஏறிக்கொண்டே போனது.
இருநூற்றுப் பன்னிரண்டு.

மறுபடி செய்தேன்.
இருநூற்று ஒன்பது.

எட்டு மாதம்.
"திருட்டுத்தனமா சப்பாத்தி குடுக்கற" என்று
டாக்டர் சரிதாவைத் திட்டிய ஆடி மாதம் அதில் இருக்கிறது.
களியே தின்றும் வயிறு ஊதிய பிள்ளையின் அம்மாவை
ஒரு நொடி, ஒரே நொடி,
நானும் சந்தேகமாய்ப் பார்த்த வெள்ளிக்கிழமையும்.

ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து மில்லுக்குப் போனேன்.
முனிவெங்கடப்பா பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.
வரிசையில் கோதுமை வாளி, அதற்குப் பின்னால் ராகி வாளி.
ஒரே கல்.
"கல்லு என்னத்தம்மா ஞாபகம் வெச்சிக்கப் போவுது?"
வெச்சிருக்கு என்று காட்டினேன்:
காலண்டரில், சாமி படத்துக் கண்ணாடியில், அவர் புருவத்தில்
வெள்ளை.
புருவத்தைத் துடைத்துவிட்டுக் கையைப் பார்த்தார்.
"இன்னொரு மிசின் இருக்குது. மொளகா அரைக்கறது" என்றார்.
வேண்டாம் என்றேன்.

இப்போது பேக்கிங் வாசலில் நிற்கிறேன்.
பையில் கழுவிக் காயவைத்த முழு ராகி ஐந்து கிலோ,
பெட்டி பிரிக்காத மிக்ஸி ஜார் ஒன்று.
பதினோராவது ரொட்டி பிரிட்ஜில் இருக்கிறது,
"கொடுக்காதே" என்று மேலே என் கையெழுத்தில்.

சரிதா வருகிறாள். சிரிக்கிறாள். "ஆச்சா?"

அவளுக்காக இந்தியில் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
தமிழைப் போலவே
அதிலும் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது.
அதுவரை
இழுக்கலாம்.