வீட்டுக்குத் தூரம்

வலி என்றால் வலி என்று சொல்லிவிடலாம்.
அரிப்பு என்றால் சொறிந்துவிடலாம்.
இது கெண்டைக்காலுக்குள்
யாரோ சோடாவை ஊற்றி இறுக மூடியது போல.
மூடியைத் திறக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி
எழுந்து நடப்பது.

கட்டில்தான் ஆடுகிறது என்று
குணாளன் முதலில் நட்டுகளை முறுக்கினான்.
பிறகு தலையணையோடு ஹாலுக்குப் போனான்.
கோபமெல்லாம் இல்லை.
ஆறு மணிக்கு அவனுக்கு லாரி எடுக்க வேண்டும்.

பாயா தெருபோங், பதினாறாம் மாடி.
எங்கள் கதவிலிருந்து லிஃப்டு வரை
நாற்பத்தோரு எட்டு.
திரும்பி வர நாற்பத்து மூன்று.
ஏனென்று தெரியாது.
கீழே ஃபார்லிம் விளக்குகள்.
எதிரே மலை, பிழியாத துணி போலப் பனி.
ஜப்பான் சிலிப்பர் சத்தம் போடாமலிருக்க
விரல்களை மடக்கிக்கொண்டு நடக்கிறேன்.

பகலில் நான் கால்களைப் பார்க்கிறவள்.
பாயான் லெப்பாஸில், மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே,
ஒரு சிப்புக்குப் பதினாறு கால்.
ஒன்று மயிரிழை கோணியிருந்தாலும்
சிவப்புத் தட்டில் போட்டுவிடுவேன்.
என் கால் மேசைக்கடியில் ஆடும்போது
நோராய்னி சிரிப்பாள்:
கோயாங் காக்கி, பணக்காரி ஆகிவிட்டாயா?
நம் ஆட்களிடமோ
காலாட்டினால் லட்சுமி போய்விடுவாள்.
வருகிறாளா போகிறாளா,
கால் அது பாட்டுக்கு ஆடுகிறது.

மன உளைச்சல் என்றால் எல்லாரும் தலையசைக்கிறார்கள்.
அந்தச் சொல் முதலில் காலுடையதாகத்தான் இருந்திருக்கும்,
வழியில் எங்கோ மனசு இரவல் வாங்கித்
திருப்பித் தராமல் விட்டிருக்கும்.
கிளினிக்கில் உளைச்சல் என்றேன்.
மிசி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்,
வீட்டில் ஏதாவது பிரச்சினையா?

கோயில் காலண்டரில்
நடந்த இரவுக்கு ஒரு கோடு கிழித்தேன்.
விலக்கான நாளுக்கு ஒரு புள்ளி.
ஐந்து மாதத் தாள்களைத் தரையில் பரப்பினேன்.
புள்ளிக்கு நான்கைந்து நாள் முன்னால்
கோடுகள் எறும்பு மாதிரி சேர்ந்து கிளம்பி
புள்ளியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கலைந்திருந்தன.
காலுக்கு முதலில் தெரிகிறது.
வயிற்றுக்கு அப்புறம்தான் தகவல்.

டாக்டர் ஊய் தாள்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
சிலருக்கு இப்படி உண்டு என்றார்,
ஏனென்று முழுதாகச் சொல்ல முடியாது.
பிறகு கேட்டார்: எத்தனை நாள் போகும்? எத்தனை பேடு?
முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக
அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னேன்.
ரத்தம் எடுத்தார்கள்.
இரும்பு தரைதட்டிக் கிடந்தது.
இத்தனை வருடம் என்னிடமிருந்து போனதில்
ஓர் ஆணியாவது அடித்திருக்கலாம்,
ஒரு படம் மாட்ட.

மாத்திரையை ஆரஞ்சுச் சாறோடு விழுங்க வேண்டும்.
அதன் பக்கத்தில் தே தாரிக் வரவே கூடாது.
இதற்குத்தான் கொஞ்சம் அழுகை வந்தது.

வீட்டுக்குத் தூரம் என்று
இந்த நாட்களுக்குப் பெயர் வைத்தவர்கள்
தூரம் எவ்வளவு என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.
என் கைக்கடிகாரம் சொல்கிறது,
விடிகாலை நாலு மணிக்கு:
மூன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர்.

மாத்திரை பாதிதான் கேட்கிறது.
என்றாலும் போன வியாழன்,
ஐந்து கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்க,
கால்கள் திடீரென்று என்னுடையவை ஆயின.
ஒன்றன்மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டு
விரிப்பில் கறை பட்டதுகூடத் தெரியாமல் தூங்கினேன்.

காலையில் லிஃப்டில்
பதினாறு-ஒன்பதாம் வீட்டுச் சூ கிம்
என் முகத்தையே பார்த்தாள்.
நேற்று உன் சிலிப்பர் கேட்கவில்லையே,
உடம்புக்கு முடியவில்லையா?
எனக்கும் தூக்கம் கிடையாது.
உன் காலடியை எண்ணிக்கொண்டுதான் படுத்திருப்பேன்.
திரும்பி வரும்போது மட்டும்
எதற்கு ரெண்டு எட்டு கூட வைக்கிறாய்?

கதவு திறந்தது.
பதினெட்டாம் தேதி வருவேன், என்றேன்.