பலமாகவா, மெதுவாகவா

பகாவ் கடைவரிசை, சம்பளச் சனி.
மருந்துப் பம்பு சுமந்த வலத்தோள்
சட்டைக்குள் தனியாகத் துடிக்கிறது.
அடிவயிற்றைப் பற்றி யாரிடமும் பேச்சில்லை.

சீனர் கடைச் சுவரில் பாதத்தின் படம்:
குதிகாலுக்குப் பக்கத்தில் கருப்பை,
பட்டாணி அளவு.
அரைமணிக்கு முப்பத்தைந்து வெள்ளி.

மாடியில் தாய்லாந்து முறை.
மேலே ஏறி மிதிப்பார்களாம்.
"அதுக்குக் காசு வேறயா?" என்றாள் கோமளவல்லி.
படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம்,
எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் வரை.

கடைசியில் மாக் சூ ரொஹானி வீடு.
பிள்ளை பெற்ற வயிற்றை
நாற்பத்து நாலு நாள் உருவிக் கட்டுவாள் என்று
இரண்டாம் டிவிஷனில் பாதிப் பேர் சொல்வார்கள்.
எனக்கு வாய்க்கவில்லை.
சின்னவன் பிறந்த இருபதாம் நாள்
பம்பு முதுகில்.

பாய். இஞ்சி எண்ணெய் வாசம்.
உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றியபடி
மலாயில் கேட்டாள்:
பலமாகவா, மெதுவாகவா?

மண்டோர் கேட்டதில்லை.
அவரும்தான்,
இருபத்தாறு வருஷத்தில்.

எது எனக்குப் பிடிக்கும்?
கூரைத் தகரத்தைப் பார்த்தபடி
யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

மாக் சூ அவசரப்படவில்லை.
ஆறிப்போன எண்ணெயை
மறுபடி அடுப்பில் வைத்தாள்.