குறைந்தபட்சம் ஐந்து ஜிபி

ருமேனியா, யாஷ் நகரம், டிசம்பர் 2004.
பி பிளாக்கின் ஏழாம் மாடியிலிருந்து
சி பிளாக்கின் நான்காம் மாடிக்கு
ஒரு நீலக் கேபிள் தொங்குகிறது.
கீழே யாரோ காயப்போட்ட போர்வை
விறைத்துப்போய்
காற்றடிக்கும்போதெல்லாம் அதைத் தட்டுகிறது.

ஸ்மரண்டாவுக்கு ஒரு படம் வேண்டும்.
கலங்கரை விளக்கம் ஒன்றில்
இரண்டு பேர் பேசாமல் வாழும் பழைய படம்.
எந்தக் கடையிலும் இல்லை.

முதல் மென்பொருள் தனியாக வரவில்லை.
வானிலை சொல்லும் கிளி ஒன்றையும்
சூதாட்ட விளம்பரங்கள் மூன்றையும்
கூடவே குடியேற்றியது.
படத்தின் பெயரில் இறங்கியது வேறு:
பதினோரு நொடி,
தொப்பி போட்ட ஒருவன் சிரிக்கிறான்.
கிளியை வெளியேற்ற இரண்டு இரவாயிற்று.

இரண்டாவதற்கு எல்லோரும் வைத்த பெயர் கழுதை.
மெதுவானது, ஆனால் எதையும் மறக்காது.
வரிசையில் உங்கள் இடம்: 3,214.
காலையில் 3,190.
மாலையில் 3,231.
"நின்ற இடத்திலேயே நிற்கிறேன்,
யார் என்னை முந்துகிறார்கள்?"
பணிமனையில் பொம்பிலியு ரொட்டியை மென்றபடி சொன்னான்:
"கொடுத்தவர்கள்."

மூன்றாவது, டோரண்ட்.
வால் முதலில் வந்தது, பிறகு ஒரு காது,
நடுவில் கொஞ்சம் கடல்.
தொண்ணூற்றேழு புள்ளி மூன்றில் நின்றது.
மிச்சத்தை வைத்திருப்பவர்
உலகத்தில் எங்கோ
கணினியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.
ஆறு நாளாகத் தூங்குகிறார்.

கடைசியாகக் குடியிருப்பின் சொந்த ஹப்.
கேபிள் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது என்பதால்
வேகம் அசுரத்தனம்.
மூன்றாம் மாடிக் கணக்காளர் லக்ரமியோரா
அதன் வாசற்காவல்.
விதி ஒன்றே ஒன்று:
உள்ளே வர, குறைந்தபட்சம் ஐந்து ஜிபி பகிர வேண்டும்.
மொய் எழுதாதவருக்கு இலை கிடையாது.

ஸ்மரண்டாவிடம் இருந்தது ஒரு கல்யாணப் பாட்டு.
அதை நகலெடுத்துப் பெயர் மாற்றி
ஆயிரத்து இருநூறு ஆக்கினாள்.
இரண்டே நிமிடம்.
"ஒரே மாப்பிள்ளைக்கு
எத்தனை தடவையம்மா கல்யாணம்?"
கதவு சாத்தப்பட்டது.

அன்றிரவு வன்தட்டைத் துழாவினாள்.
வேலைக்காகப் பதிந்த ஒலிகள் கிடந்தன:
டிராம் சக்கரங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்,
வண்டி எண், தேதி, முன் அல்லது பின்.
எங்கே தேய்ந்திருக்கிறது என்று
காதால் கண்டுபிடிப்பதுதான் அவள் சம்பளம்.
ஆறு புள்ளி ஒன்று ஜிபி.
யாருக்கு வேண்டும் இது?
போட்டாள்.
லக்ரமியோரா ஒன்றும் சொல்லவில்லை.
கதவு திறந்தே இருந்தது.

மூன்று நாள் ஒருவரும் தொடவில்லை.
நான்காம் இரவு, சி பிளாக்கில் ஒருவர்,
பெயர் 'தூங்காதவன்',
ஒவ்வொன்றாக இறக்கிக் கேட்டார்.
எண்பதாவது கோப்புக்குப் பின் செய்தி வந்தது:
"128-ஆம் வண்டி. பின்பக்கம், இடது சக்கரம்.
டக். டக். டக்.
இதுதான்! தினமும் காலை 4:50-க்கு
என் ஜன்னலுக்குக் கீழே போவது இதுதான்.
நீங்கள் யார்?
எப்போது சரிசெய்வீர்கள்?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
அந்தச் சக்கரத்தைப் பற்றி அக்டோபரிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள்.
தாள் யாருடைய மேசையிலோ தூங்குகிறது.
மறுநாள் தானே போய் நின்றாள்,
பொம்பிலியுவையும் இழுத்துக்கொண்டு.
வெள்ளிக்கிழமை 128-க்குச் சாணை பிடித்தார்கள்.

புதுக் கோப்பு: 128, பின், பிறகு.
ஒரு நிமிடம் நாற்பது நொடி.
அதில் தண்டவாளம் மட்டும்தான் கேட்கிறது.

தூங்காதவன் அதை இறக்கிக்கொண்டார்.
பதில் எதுவும் வரவில்லை.
காலை ஒன்பது வரை
அவர் பெயர் பக்கத்தில்
விளக்கு எரியவேயில்லை.

ஹப்பில் அவளுடைய படம் இல்லை.
டோரண்ட் இன்னும் தொண்ணூற்றேழு புள்ளி மூன்றில்.
பார்த்தவரைக்கும்
அந்த இரண்டு பேரும்
இன்னும் பேசவில்லை.