டிரைவர் இறங்கவும்

பகாவ் சாலை, பதினோராம் கட்டை.
ஆலையின் எடைச் சாவடிக்குள்
காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு மடிக்கணினி உறைந்தது.
'மொத்த எடை' என்ற கட்டத்துக்கு ஒரு விரல் தள்ளி
அம்புக்குறி நின்றுவிட்டது.
சுவரில் எட்டே கால்.
திரையில் இன்னும் ஏழு நாற்பத்திரண்டு.

மேடைமேல் சன்னாசி அண்ணனின் லோரி.
வாசல்வரை இன்னும் ஒன்பது.
நேற்று மாலை அறுத்த செம்பனைக் குலைகள்.
வெயில் ஏற எண்ணெயில் புளிப்பு ஏறும்,
விலை இறங்கும்.

பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொன்றேன்.
எழுப்பினேன். எழுந்தது, வரவேற்றது,
எடை வரும் நேரம் பார்த்துச் செத்தது.
மூன்று தடவை.

கோலாலம்பூர் கம்ப்யூட்டர்காரர் போனை எடுக்கவில்லை.
மேனேஜர் ஹெங் எடுத்தார்:
"கையால எழுது, யோகேஸ்."
எதைப் பார்த்து எழுத?
எடைகாட்டிப் பெட்டியின் சிவப்பு எண்கள்
போன மாத இடியில் கருகிப்போயின.
இப்போது எண் வருவது இந்தத் திரையில் மட்டும்.

சந்தேகப்பட்டவர்களை ஒவ்வொருவராய் வெளியேற்றினேன்.
பிரிண்டரைக் கழற்றினேன். உறைந்தது.
வைஃபையை அணைத்தேன். உறைந்தது.
மவுஸ், பென்டிரைவ்,
ரோஸ்லான் சார்ஜுக்குச் செருகியிருந்த கைபேசி.
எல்லாரும் நிரபராதி.
கடைசியாக, மேடையிலிருந்து வரும் சாம்பல் கேபிளைப் பிடுங்கினேன்.
கடிகாரம் ஓடியது.
ஐந்து நிமிடம், பத்து நிமிடம்,
சமர்த்தாக,
எந்த வேலையும் இல்லாமல்.

"என்னம்மா கோளாறு?" ஜன்னலில் சன்னாசி.
"டிரைவர்தான்" என்றேன் திரையைப் பார்த்தபடி.
சேதி பத்தாவது லோரிவரை போய்
ஹாரனாகத் திரும்பி வந்தது.

"ஐயோ, நீங்க இல்லண்ணே.
உள்ள ஒருத்தன் இருக்கான்.
கேபிள் பேசறத கம்ப்யூட்டருக்குச் சொல்றவன்.
ஞாயித்துக்கிழம ராத்திரி யாரையும் கேக்காம
புதுசா ஒருத்தன் ஏறிட்டான்."
"பழையவன்?"
"இறக்கிட்டாங்க."
"அவன் என்ன தப்பு பண்ணான்?"

ஒற்றைக் கோட்டு சிக்னலில் தேடித் தேடிப் படித்தேன்.
கேபிளின் தலைக்குள் நகமளவு ஒரு சில்லு.
அசலென்றால் கம்பெனியின் அடையாளம் இருக்கும்.
எங்களுடையது பாசார் மாலாமில் பதினெட்டு ரிங்கிட்.
ஆறு வருடம். ஒரு கிலோ பிசகியதில்லை.
பழைய டிரைவர் கேட்டதெல்லாம் எடை மட்டும்.
புதியவன் முதலில் அடையாளம் கேட்கிறான்.
சில்லிடம் காட்ட ஒன்றுமில்லை.
அவன் நிற்கிறான்.
அவன் நின்றால் எல்லாம் நிற்கிறது.

இதைச் சத்தமாகவே வாசித்திருக்கிறேன்.
சன்னாசி அண்ணன் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.
சிவப்பு கார்டு.
பிறந்தது இதே எஸ்டேட், மூன்றாம் டிவிஷன்.
ரோஸ்லான் கைபேசியைப் பார்த்தான்.
நான் திரையைப் பார்த்தேன்.

'முந்தைய டிரைவருக்குத் திரும்பு':
பொத்தான் மங்கிக் கிடந்தது, அமுங்கவில்லை.
இன்னொரு வழி. பட்டியலைத் திற, நீயே தேர்ந்தெடு.
இரண்டு பெயர், ஒரே பெயர்,
தேதி மட்டும் வேறு.
பழைய தேதியைத் தொட்டேன்.
'இது பரிந்துரைக்கப்படவில்லை' என்றது.
தெரியும் என்றேன்.

கேபிளைச் செருகினேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் ஜன்னலில்.
14,360.
கடிகாரத்தைப் பார்த்தேன், ஓடியது.
மறுபடி பார்த்தேன், 14,440.

"அண்ணே, அதுக்குள்ள ஏன் ஏறுனீங்க?
போர்டு இருக்குல்ல, இறங்குங்க.
எண்பது கிலோ கூடக் காட்டுது."

கதவில் கைபோட்டபடி அவர் உட்கார்ந்திருந்தார்.
"காட்டட்டும்மா.
எங்கயாச்சும் காட்டட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து இறங்கினார்.
14,360 என்று பதிந்து
சீட்டுக்காகக் கையை நீட்டினேன்.
வரவில்லை.
பிரிண்டரை நான் இன்னும் மாட்டவில்லை.